வாரண்டியில் வராத கூலி

ரசமட்டம் என்று சொன்னால் கட்டட வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று, தரையும் சுவரும் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க வைக்கும் குமிழிக் கருவி. இன்னொன்று, டைல்ஸ் ஒட்டுகிற அந்த அம்மாள். ஒரு நூல் அளவு தூக்கலாக இருந்தாலும் பசை காய்வதற்குள் கல்லைப் பெயர்த்து மறுபடி வைப்பாள் என்பதால் வந்த பட்டப்பெயர். முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். போகப்போக அதைச் சொல்லியே வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அவள் புருஷன் பிளம்பர். இருவரும் சேர்ந்துதான் வேலை எடுப்பார்கள். அவர் சுவரை வெட்டிக் குழாய் பதிப்பார். அவள் அதன்மேல் கல் ஒட்டி மூடுவாள். தான் செய்கிற கோளாறை மூடி மறைக்கத்தான் அவளைக் கட்டிக்கொண்டதாக அவர் போகிற இடமெல்லாம் சொல்வார். இருபது வருஷமாக அதே ஜோக். அவளும் இருபது வருஷமாக அதற்கு உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

சாமான் வாங்குவது ஒரே கடையில். கடைத்தெரு முக்கில் கண்ணாடி முகப்பு வைத்த பெரிய கடை அது. கடைக்காரர் அவளை வாய் நிறையத் 'தங்கச்சி' என்று கூப்பிடுவார். பொருள் வாங்க வருகிறவர்களிடம், இந்தப் புருஷன் பெண்டாட்டி கையில் வீட்டை ஒப்படைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாம் என்பார். இவர்களும் யார் கேட்டாலும் அந்தக் கடையைத்தான் கைகாட்டுவார்கள். அப்படியே பத்து வருஷம் ஓடியது.

மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் பன்னிரண்டு வீடுகளுக்கும் குளியலறை அமைக்கிற வேலை வந்தது. அதற்குக் கடைக்காரர் ஒரு புது வால்வை எடுத்துக் காட்டினார். வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து கொடுக்கிற வால்வு. சுவருக்குள் புதைந்திருக்கும், வெளியே தெரிவது பளபளவென்று ஒரு கைப்பிடி மட்டும். பழைய கம்பெனி சாமானே போதுமே என்று பிளம்பர் இழுத்தார். ஐந்து வருஷம் வாரண்டி இருக்கிறது, அதற்கு மேல் நான் இருக்கிறேன் என்று கடைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். அந்தப் பேச்சை நம்பி, பிளம்பர் பன்னிரண்டு வீட்டுக்காரர்களிடமும் அதையே தன் பேச்சாகச் சொன்னார்.

எட்டாவது மாதம் இரண்டாம் மாடி டீச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்து சுண்ணாம்பு உதிர்கிறதாம். போய்ப் பார்த்தால் சுவருக்குள் வால்வு கசிந்துகொண்டிருந்தது. குழாயில் குற்றமில்லை, மாட்டியதிலும் குற்றமில்லை. வால்வின் உடம்பிலேயே மயிரிழை போல ஒரு விரிசல்.

கடைக்காரர் முகம் சுளிக்காமல் புது வால்வு எடுத்துக் கொடுத்தார். கூலியைப் பற்றிப் பிளம்பர் தொண்டையைச் செருமியதும், வாரண்டி சாமானுக்குத்தான், லேபர் அதில் வராது, அது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள விஷயம் என்று அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாமான் உள்ளங்கையில் அடங்குகிற சாமான்தான். ஆனால் அதை மாற்ற ஆறு டைல்ஸை உடைக்க வேண்டும், சுவரைக் குடைய வேண்டும், மாட்டி ஒரு நாள் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும், பூச வேண்டும், அதே நிறத்தில் கல் தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும். இரண்டு பேருக்கு மூன்று நாள் வேலை.

டீச்சர் கறாரான ஆள். கத்தவில்லை, கணக்குப் பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"நான் எதையாவது உடைச்சேனா? இல்லை. பழுதான சாமானை என் சுவத்துக்குள்ள வச்சது நீங்க. நல்ல சாமான்னு சொன்னதும் நீங்க. அதை எடுக்கறதுக்கும் நானே கூலி குடுக்கணும்னா, அப்புறம் வாரண்டின்னு எதைச் சொல்றீங்க?"

ரசமட்டம்தான் வாயைத் திறந்தாள். நாங்களும்தான் எதையும் உடைக்கவில்லை, எங்கள் மூன்று நாள் எங்கே போகும் என்று கேட்டாள். டீச்சர் யோசித்துவிட்டு, அது நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் என் வீடு இல்லை என்றார். அவளால் அதை மறுக்க முடியவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். கடையில் போய்க் கேட்கச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அந்தம்மா கடைக்காரரைப் பாத்து வாங்கலை. என் மூஞ்சியைப் பாத்து வாங்கினாங்க. நான் சொன்ன சொல்லுக்கு நான்தானே நிக்கணும்?"

"சொல்லுக்கு நீங்க நில்லுங்க. லாபத்துக்கு அவர் நிக்கட்டும்."

அவர் சிரித்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். கூடவே இருக்கும் நாத்தனார், தையல் மெஷினை மிதித்தபடியே, "அண்ணன் ஜாதகமே இலவச சேவைதான் அண்ணி, நீங்க வேற தொண்டையை வீணடிச்சுக்கிட்டு" என்றாள்.

டீச்சர் வீட்டோடு நிற்கவில்லை. அடுத்தடுத்து ஒழுகத் தொடங்கின. பன்னிரண்டில் ஒன்பது. ஒரு வீட்டில் கூலி வாங்காமல் செய்தபிறகு அடுத்த வீட்டில் எந்த முகத்தோடு கேட்பது? வெளி வேலைகளை விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு வீடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்கள். தான் கோடு பிசகாமல் ஒட்டிய கல்லை ஒவ்வொரு தடவையும் அவள் தானே உடைக்க வேண்டியிருந்தது. ரசமட்டம் ஒட்டின கல் எட்டு மாதத்தில் பெயர்ந்துவிட்டதாம் என்று யாரோ டீக்கடையில் பேசியதும் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

ஆறாவது வீட்டில்தான் அது நடந்தது. கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு இருந்ததில் ஒன்று உடைந்துபோயிருந்தது. கையில் வரும்படி இல்லாததால் வேறு வாங்குவது தள்ளிக்கொண்டே போனது. இருந்த ஒன்றை அவள் மூக்கில் மாட்டிவிட்டு, அவர் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, குழாய் எந்தப் பக்கம் வருகிறது என்று ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உளியை வைத்து அடித்தாள். கல் சில்லு ஒன்று தெறித்தது. அவர் கத்தக்கூட இல்லை. விளக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டர் சில்லை எடுத்தார். கண்ணைக் காப்பாற்றிவிட்டோம், பார்வையை முழுதாக இல்லை என்றார். அந்தக் கண்ணுக்கு உலகம் அழுக்குத் தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான், பழகிவிடும் என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கடைக்காரரும் வந்தார். ஒரு பை ஆப்பிளைக் கட்டில்மேல் வைத்தார். இந்தத் தொழிலில் இதெல்லாம் இருப்பதுதான், தைரியமாக இரு தங்கச்சி என்று ஆறுதல் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அவள் அப்போது அவரை நினைக்கவே இல்லை. சுத்தியலைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆப்பிளை நர்ஸிடம் கொடுத்துவிட்டாள்.

அந்த வீட்டில் பாதியில் நின்றதையும் மீதி மூன்று வீட்டையும் அவள்தான் முன்னின்று முடித்தாள். எந்த இடத்தில் என்ன செய்வது என்று அவர் பக்கத்தில் நின்று சொல்ல, வால்வையும் அவளே மாட்டக் கற்றுக்கொண்டாள்.

ஒன்பதாவது வீட்டில் வேலை நடக்கும்போது, வால்வு செய்கிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் ஆய்வுக்கு வந்தாள். எதனால் விரிகிறது என்று பார்க்க, கழற்றிய வால்வை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். போகிறபோக்கில், கூலி எல்லாம் சரியாக வந்துவிடுகிறதா என்று கேட்டாள்.

"என்ன கூலி?" என்றாள் ரசமட்டம்.

கம்பெனிப் பெண் குழம்பிப்போனாள். கோப்பைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு வால்வுக்கும் கழற்றி மாட்டுகிற கூலி, டைல்ஸ் கூலி, கல்லின் விலை என்று மூன்றும் கம்பெனி கடைக்காரரிடம் கொடுத்திருந்தது. பிளம்பரிடம் கொடுத்ததற்கு அத்தாட்சியாக எட்டுச் சீட்டு. எட்டிலும் கையெழுத்து. ஒரே இழுப்பில் கொக்கி போட்டு, அடியில் கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்த அழகான கையெழுத்து.

அவள் புருஷன் கையெழுத்துப் போட்டால் செங்கல் அடுக்குகிற மாதிரி இருக்கும். எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, பேரை முழுதாக எழுதுவார். எழுதி முடிக்கும்வரை நாக்கின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். கொக்கியும் கோடும் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறாவது சீட்டில் நாள் போட்டிருந்தது. அன்றைக்கு அவர் கண்ணில் கட்டோடு கட்டிலில் கிடந்தார். தலைமாட்டில் ஆப்பிள் பை இருந்த அதே நாள்.

அதுவரை அவள் கோபம் தன் கைமேலேயே இருந்தது. அந்த நிமிஷத்தில் அது எழுந்து, தெருவைக் கடந்து, கடைத்தெரு முக்குக்குப் போய் நின்றுகொண்டது. அவளுக்கு மூச்சு சீரானது. பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டாள்.

புருஷனிடம் அன்றைக்கே சொன்னாள். அவர், கேட்டு வாங்கிவிட்டு விட்டுவிடலாம், பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். கேட்டால் கடைக்காரர் தந்துவிடுவார், தந்துவிட்டு 'மறந்துபோச்சு தங்கச்சி' என்று சிரித்துவிடுவார், விஷயம் அத்தோடு முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அது முடியக் கூடாது. அவளுக்கு வேண்டியது கூலி மட்டும் இல்லை.

அதனால் அவள் கடைக்கு வழக்கம்போலப் போனாள். "என்னண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டாள். பசை வாங்கினாள். கண் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, பரவாயில்லை என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை வரவழைக்கத்தான் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

வேலையில்லாத மத்தியானங்களில் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு மற்ற பிளம்பர்கள் வீட்டுக்குப் போனாள். நாத்தனாருக்கு யார் வீட்டிலும் சமையலறை வரை போய்விடுகிற வாய். அதே வால்வு நீங்களும் மாட்டினீர்களா, ஒழுகியதா, கூலி யார் கொடுத்தது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுவாள். எல்லாரும் ஒரே கதைதான் சொன்னார்கள். சிலர் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுக் கூலி வாங்கிக் கெட்ட பேர் எடுத்திருந்தார்கள். சிலர் வாங்காமல் நஷ்டப்பட்டிருந்தார்கள். ஒருவர் கூலி கேட்டதற்காகச் சொந்த மச்சானோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். மொத்தம் பதினொரு பேர். கம்பெனிப் பெண்ணிடம் கேட்டதில், பதினொரு பேருடைய கையெழுத்தும் அழகாக இருந்தது. எல்லாவற்றிலும் அதே கொக்கி, அதே இரண்டு புள்ளி.

ரசமட்டம் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வாயைத் திறக்காதீர்கள். கூட்டம் வரட்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை கடைக்காரர் பிளம்பர்களையும் டைல்ஸ்காரர்களையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, மத்தியானச் சாப்பாடு போட்டு, ஆளுக்கு ஒரு பரிசுப் பை கொடுப்பார். கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி வருவார். அந்த வருஷமும் வந்தார். கூடவே அந்த ஆய்வுக்கு வந்த பெண்ணும் வந்திருந்தாள்.

கடைக்காரர் மேடையில் ஏறி, தொழில் தர்மத்தைப் பற்றிப் பேசினார். வாடிக்கையாளர் மனம் நோகாமல், ஒன்பது வீட்டில் கூலியே வாங்காமல் வாரண்டி வேலை செய்துகொடுத்த ஒரு மனிதர் இங்கே இருக்கிறார் என்று, பிளம்பரை எழுந்து நிற்கச் சொன்னார். மண்டபமே கை தட்டியது. பிளம்பர் தட்டுத்தடுமாறி எழுந்து, எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் கும்பிட்டார். கடைக்காரர் தன் வாயாலேயே அதிகாரி முன்னால் சொல்லிவிட்டார், கூலி வாங்கவில்லை என்று. அவள் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. தானாக வந்து மாட்டியது.

பரிசுப் பை கொடுக்கும் நேரம் வந்தது. பை வாங்குகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கம்பெனிப் பெண் ஒரு நோட்டை அதிகாரி முன்னால் விரித்து வைத்தாள். பிளம்பர்தான் முதல் ஆள். நாக்கு நுனியை நீட்டிக்கொண்டு எழுத்துக்கு எழுத்து எழுதினார். அவர் பின்னால் பதினொரு பேரும் வரிசையாக வந்து போட்டார்கள். ஒருவர் கிறுக்கினார், ஒருவர் கட்டை விரலை உருட்டினார். யாரும் பையை எடுத்துக்கொள்ளவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, மேசை ஓரமாகவே நின்றார்கள்.

கடைசியாக ரசமட்டம் வந்தாள். கம்பெனிப் பெண்ணிடம் முன்பே வாங்கி வைத்திருந்த கூலிச் சீட்டுகளின் நகல்களைப் பதிவேட்டின் பக்கத்தில் அடுக்கினாள். டைல்ஸ் அடுக்குகிற மாதிரி, ஓரம் பார்த்து, வரிசை பார்த்து.

"இது எங்க ஆளுங்க கையெழுத்து. இது உங்ககிட்ட வந்த கையெழுத்து. நீங்களே பாத்துக்குங்க" என்றாள்.

அதிகாரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு கடைக் கணக்கர் தப்பு செய்திருப்பார் என்றார். பிறகு வியர்வையைத் துடைத்தார். யாரும் குரலை உயர்த்தவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தட்டுகள் மோதுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கம்பெனி இரண்டு மாதத்தில் முகவர் உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. கூலியை எல்லாருக்கும் நேராகவே அனுப்பியது. விஷயம் தெரிந்ததும் டீச்சர் வீடு தேடி வந்து, அன்றைக்கு நான் சொன்னது சட்டப்படி சரி, ஆனால் உங்களுக்கு ஒரு டீகூடப் போட்டுக் கொடுக்கவில்லை, அது எனக்கு உறுத்துகிறது என்றார். ரசமட்டத்துக்கு அவர்மேல் வருத்தம் எதுவும் மிச்சமில்லை.

மிச்சமிருந்தது எல்லாம் ஒரே ஆள்மேல்தான். கடை போய்விடவில்லையே, வேறு சாமானை வைத்து விற்கிறாரே என்று அவளுக்கு ஆறவில்லை. பிளம்பர்கள் யாரும் அந்தக் கடையைக் கைகாட்டக் கூடாது என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவளும் காரணம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆறே மாதத்தில் கண்ணாடி முகப்புக்குப் பின்னால் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போது, கடைக்காரர் வீட்டுக் குளியலறைச் சுவர் ஒழுக ஆரம்பித்தது. முகவருக்கு மாதிரியாக வந்த வால்வை, இலவசம்தானே என்று அவர் வீட்டிலேயே மாட்டியிருந்தார். படுக்கையறைப் பக்கம் பூச்சு ஊறி உப்பிக்கொண்டு வந்தது. பிளம்பர்களுக்கு ஆள் அனுப்பினார். ஒருவருக்கு முதுகுவலி. ஒருவர் வெளியூர். ஒருவருக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மாமியாரோ வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் இந்தக் கதைகளை ஒன்றுவிடாமல் சேகரித்துக்கொண்டு வந்து, தைத்துக்கொண்டே நடித்துக் காட்டினாள்.

கடைசியில் கடைக்காரர் ரசமட்டம் வேலை செய்கிற இடத்துக்கே வந்தார். அவள் பசை கலக்கிக்கொண்டிருந்தாள். எதிரே வந்து நின்றவரைப் பார்த்து, நாளைக் காலையில் வருகிறேன், சாமானை வாங்கி வையுங்கள் என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கச்சி மனசு எனக்குத் தெரியாதா என்றார்.

மறுநாள் காலை அவள் தனியாகத்தான் போனாள். குளியலறையில் கருவிகளைப் பரப்பினாள். கைவிளக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"புடிங்கண்ணே. குழாய் எந்தப் பக்கம் வருதுன்னு உள்ள பாத்துச் சொல்லுங்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கருவிப் பையைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு கண்ணாடி இல்லையா?"

"ஒண்ணுதாண்ணே இருக்கு. அவரும் இல்லாமத்தான் பாத்துச் சொன்னார்."

அவர் விளக்கை நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் பெண்டாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் ஓடவும் முடியவில்லை. அவள் உளியை வைத்தாள். ஓர் அடி. அவர் துள்ளினார். இன்னோர் அடி. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கிட்டா எப்படிண்ணே தெரியும்?"

அவர் திறந்தார். தண்ணீர் நிற்கிற அந்த இரண்டு கண்ணும் அவள் உளியிலிருந்து ஒரு முழத்தில் இருந்தன. இருபது வருஷமாகக் கல் உடைத்த கை. உளியை எந்தச் சாய்வில் வைத்தால் சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று அந்த மணிக்கட்டுக்குத் தெரியும். அவள் மெதுவாக உளியைச் சாய்த்தாள். சுத்தியலைத் தூக்கினாள்.

அப்படியே எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குப் பிற்பாடு சொல்லத் தெரியவில்லை. செய்துவிடுவோம் என்றுதான் இருந்தது. அது கஷ்டமாகவே இல்லை, சுலபமாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அவர் கேக்கவே இல்லையே தங்கச்சி" என்றார் கடைக்காரர், அழுகிற குரலில். "ஒரு வார்த்தை அழுத்திக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்காம இருந்தார், நானும் இருந்துட்டேன்."

அவள் உளியை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அடித்தாள். சில்லு அவள் கண்ணாடியிலேயே வந்து பட்டது. ஆனால் அவரை விளக்கைக் கீழே வைக்க விடவில்லை. ஆறு கல்லையும் உடைத்து, சுவரைக் குடைந்து, பழைய வால்வைக் கழற்றிப் புதியதை மாட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டு கசியவில்லை. கருவிகளைத் துடைத்துப் பையில் போட்டாள்.

"சுவரு?" என்றார் அவர். ஊறிய பக்கத்துப் பூச்சும் விழுந்திருந்ததால், ஓட்டை வழியாக அவருடைய படுக்கையறைக் கட்டில் தெரிந்தது.

"சாமான் மாத்தியாச்சு. சுவத்தை மூடறது லேபர். லேபர் வாரண்டியில வராதுண்ணே."

"என்ன வேணும்னாலும் கேளு, குடுக்கறேன்."

"நான்தான் கேக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்று வாரம் அந்தச் சுவர் அப்படியே இருந்தது. அட்டைப் பெட்டியைக் கிழித்து மறைத்திருக்கிறார்கள், அட்டை நனைந்து நனைந்து விழுகிறது, குளிக்கும்போது படுக்கையறையைப் பூட்டிவிட்டு எல்லாரும் வெளியே போய் நிற்கிறார்கள் என்று தினம் ஒரு செய்தி வந்தது. அவள் கேட்டுக் கேட்டு ரசித்தாள். கடைக்காரர் வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவரப் பார்த்திருக்கிறார். அந்த ஆள் வருகிற வழியில் யாரிடமோ வீடு விசாரித்து, யாரோ என்னவோ சொல்ல, பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டானாம்.

ஒரு நாள் அவள் பசை பூசுகிற கரணையைக் காணவில்லை. புருஷனையும் காணவில்லை. மத்தியானம் அவர் சட்டையெல்லாம் பசையோடு வந்து சேர்ந்தார். எங்கே போனார் என்று கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரைக் கேட்டுப் போனீங்க?"

"அந்த வீட்டம்மாவும் அங்கதானே குளிக்கணும். அவங்க என்ன பண்ணாங்க?"

அவள் நெஞ்சு கொதித்தது. மூன்று வாரமாக ஊரே சேர்ந்து கட்டிக்காத்த ஓட்டையை இந்த மனுஷன் ஒரே காலையில் போய் அடைத்துவிட்டு வந்திருக்கிறார். என் கோபத்தில் உங்களுக்குப் பங்கு இல்லையா, கண்ணு உங்களுடையதுதானே என்று கேட்டாள். கேட்டபிறகு குரல் உடைந்துவிட்டது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கூலி வாங்கினேன்" என்றார். "வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கினேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். இருபது வருஷத்தில் அவர் வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அழுத்திக் கேட்டதாகவும், கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்ததாகவும் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு வேறொன்று தோன்றியது. "கல்லு எப்படி வந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு நேராத்தான் தெரிஞ்சுது."

நாத்தனார் தையல் மெஷினை நிறுத்திவிட்டாள். அவள்தான் மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஆறு கல்லும் ஆறு திசையில் இருக்கிறதாம். ஒன்று மேலே ஏறி, ஒன்று கீழே இறங்கி, நடுவில் விரல் நுழைகிற இடைவெளியாம். கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் குளித்தாக வேண்டும். அதைப் பெயர்த்துவிட்டு நேராக ஒட்டித் தரச் சொல்லி அவர் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் யார் வருவார்கள்?

ரசமட்டம் அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போது அவர்கள் வேலை எடுப்பதற்கு முன்னாலேயே, சாமான் பழுதானால் மாற்றுகிற கூலி யார் தருவது என்று வீட்டுக்காரர், கடை, தாங்கள் மூன்று பேரும் இருக்கும்போது பேசிவிடுகிறார்கள். பேச்சை ஆரம்பிப்பது பிளம்பர்தான். கடைத்தெரு முக்கில் அந்தக் கடை பாதியாகச் சுருங்கிவிட்டது. மறுபாதியில் யாரோ செருப்பு விற்கிறார்கள். கடைக்காரர் பிளாஸ்டிக் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். அவளைக் கண்டால் எழுந்து நின்றுவிடுகிறார். அவள் நிற்பதில்லை, பேசுவதில்லை. வேலைக்குப் போக வேறு குறுக்கு வழி இருக்கிறது, பத்து நிமிஷம் மிச்சமாகும். அவள் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறாள்.